கார்பெட்டுக்கு அடியில் பவுடர்

மழை பெய்தால் என் பழைய காரில் கார்பெட்டுக்கு அடியில் ஈரம் ஊறி நாறும். விற்றுத் தொலைக்க நினைத்தேன். பாலகாட் சுரங்கக் குடியிருப்பிலிருந்து ஒருவர் மனைவியோடு பார்க்க வந்த அன்று, கார்பெட்டைக் காயவைத்து, அடியில் முகப்பவுடரைக் கொட்டி வைத்திருந்தேன்.

அவர் சுரங்கத்தில் பம்ப் ஓட்டுபவர். வந்ததும் கார்பெட்டைத் தூக்கி, அடியில் புறங்கையை வைத்தார்.

“தண்ணி எறங்குதுங்க.”

“காஞ்சிதானே இருக்கு?” என்று சாதித்தேன்.

“சுரங்கத்துக்குள்ள, கீழ் லெவல்ல, இருட்டுல இப்டித்தாங்க பாப்போம். உள்ளங்கை காப்பு காய்ச்சிப்போச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

முன்கண்ணாடியில் என்னைத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, உள்ளே குனிந்து பார்த்தார். ரப்பர் ஓரத்தில் ஒழுகியது. பசை வாங்கிவரச் சொல்லி அவரே அடைத்தார்.

“அவ்ளோதான். நல்ல வண்டி, இனிமே இன்னாத்துக்கு விக்கறீங்க? வெச்சிக்கோங்க.”

வாங்க வந்தவர் சொன்னது இது! இருவரையும் அதே காரில் வீட்டில் விட்டேன். பவுடரைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. இறங்கும்போது, அவர் புறங்கையில் வெள்ளையாக அப்பியிருந்ததை மனைவி முந்தானையால் துடைத்தார்.

“எங்க வூட்லயும் இதே பவுடர்தாண்ணா,” என்று அந்த அம்மா சிரித்தார்.

இன்றும் அந்த வாசனை வந்தால் முதலில் வெட்கம்தான் வருகிறது. சிரிப்பு அப்புறம்.