மாமா கேட்ட கதை

ராணுவத்திலிருந்து திரும்பிய என் மாமாவுக்கு என்ன வியாதி என்று எவருக்கும் தெரியாது. ஆனால் மருந்து மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மா தன் தம்பிக்கு மந்திரித்த கயிறு கட்டினாள். பங்காளி ஒருவர், ஒரு லாரி வாங்கி ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். பழைய கூட்டாளிகள் தங்கள் மருந்தைப் பாட்டிலோடு கொண்டுவந்தார்கள். அத்தை அதை வாசலிலேயே கவிழ்த்துவிட்டாள். மாமா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. தூங்கவும் இல்லை.

எங்கள் வீடும் அவர் வீடும் நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரே விவசாயக் காட்டுக்குள் இருந்தன. ஒருநாள் அடுத்த காட்டில் போர்வெல் போட ரிக் வண்டி வந்தது. அது உறுமத் தொடங்கியதுதான் தாமதம், மஞ்சள் வயலில் நின்ற மாமா அத்தையைக் கீழே தள்ளி அவள்மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டார். அத்தையின் மணிக்கட்டு முறிந்தது.

மறுநாளே அவள் அண்ணன் காரில் வந்து இறங்கினார். "போதும் அம்முணி, நம்ம ஊட்டுக்குக் கெளம்பு" என்றார்.

அத்தை மாவுக்கட்டோடு மாமாவின் எதிரே போய் நின்றாள். "ஏனுங்க, சேலத்துக்குப் பெரிய டாக்டர்கிட்ட வாரீங்களா? வந்தா நான் இங்கயே இருக்கறேன்."

மாமா அந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாரேன்" என்றார்.

அத்தையால் பை தூக்க முடியாது என்பதால் நானும் போனேன். டாக்டர் ஒரு நடுவயது அம்மாள். ஊசி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பார்க்கும் ஆவலில் இருந்த எனக்கு ஏமாற்றம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு வாராவாரம் வந்து, ராணுவத்தில் அந்த ஒரு நாளில் நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு மாமா சொல்ல வேண்டுமாம். அதை போனில் பதிவு செய்து தினமும் வீட்டில் கேட்க வேண்டுமாம்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "மறக்கறதுக்குத்தானுங்களே வந்தோம்?"

"மறக்க வைக்கிற மருந்து என்கிட்ட இல்லம்மா" என்றார் டாக்டர். "நினைச்சாலும் தாங்கிக்கலாம்கிற இடம் வரைக்கும் கொண்டுபோக முடியும்."

அப்படித்தான் மோட்டார் ரூமில் தினமும் சாயங்காலம் மாமா தன் குரலைத் தானே கேட்கத் தொடங்கினார். கதவருகே அத்தை காவல். வாய்க்கால் மேட்டில் நான். முதல் பதிவு மிகச் சின்னது. மலைப்பாதை, வண்டி, ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்கே மாமாவின் சட்டை நனைந்துவிட்டது. வாரம் போகப் போகக் கதை நீண்டது. அதில் கேரளத்து நண்பன் ஒருவன் வந்தான். "எனக்குக் குளிருதுன்னு சொன்னேன். அவன் எந்திரிச்சு என்னோட எடத்துல உக்காந்துட்டான். அந்தப் பக்கந்தான் வெடிச்சுது, அவன் போயிட்டான்" என்று மாமாவின் குரல் சொல்லும். பிறகு அழும். போனுக்கு வெளியே இருக்கும் மாமாவும் சேர்ந்து அழுவார்.

ஒருநாள் எனக்கு அடக்க முடியவில்லை. "ஏன் மாமா, அங்க ஸ்வெட்டர் குடுக்க மாட்டாங்களா?"

அத்தை என்னை முறைத்தாள். மாமா போனை நிறுத்தினார். "குடுப்பாங்க சாமி. அதையும் மீறிக் குளிரும்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "அவனுக்கும் குளிர்ந்துதான் இருக்கும்" என்றார்.

மாமா முழுசாக மாறிவிடவில்லை. இன்றும் கல்யாண மண்டபத்தில் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். ஆனால் இரவில் தூங்குகிறார்.

அந்த வைத்தியம் பலித்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போனில் கதை ஓடிக்கொண்டிருந்தது. நண்பன் இடம் மாறும் கட்டம். மாமா சுவரில் சாய்ந்தபடி, வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார்.

அத்தை சட்டென்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு ஓட்டமும் நடையுமாக எங்கள் வீட்டுக்குப் போய், "அண்ணி, கொட்டாவி உட்டாருங்க! கேட்டுட்டே கொட்டாவி உட்டாருங்க!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ்வளவு நல்ல கதை மாமாவுக்குச் சலித்துப் போய்விட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.