இருட்டறை ஜன்னலும் மூன்றாவது பறவையும்

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பெண்மணியை எல்லோரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடுங்க" என்று இருபத்து மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி வந்த பெயர். "வீட்டுல நானும் அப்பப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்பார், பஸ் ஓட்டுநரான அவர் கணவர்.

பிலிம் கழுவும் முறை போய்க் கணினி வந்ததும், எக்ஸ்ரே அறையை ஒட்டியிருந்த இருட்டறைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதன் ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளை ஒரு மதியம் அக்காவே கிழித்தெடுத்தார். வெளியே பின்பக்கத் தோட்டம். எதிர்ச் சுவரில் உபயோகம் நின்றுபோன ஒரு குழாயின் வாய். இத்தனை வருடமும் வெயில் ஒரு கை தூரத்தில்தான் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் முதல் சாப்பாட்டு டப்பாவோடு அங்கேதான். கொழுந்தன் புதுக் கேமரா வாங்கியபோது, பழையதையும் அதன் நீள லென்ஸையும் அண்ணிக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

அசையாமல் இருக்கச் சொன்னால் இருக்கிற ஆட்களைப் படமெடுத்துப் பழகியவர். பறவைகள் நன்றாகத் தண்ணி காட்டின. முதல் மாதம் முழுக்க வெறும் கிளைகள், எப்போதாவது ஒரு வால். பிறகு மெல்லக் கைவந்தது.

இரண்டாவது வருடம் அந்தக் குழாயில் ஒரு ஜோடிக் குண்டுகரிச்சான்கள் கூடு வைத்தன. ஆண் கறுப்பும் வெள்ளையும், பெண் சாம்பல் நிறம். குஞ்சு பொரித்ததும் அக்கா தினமும் மதியச் சாப்பாட்டு வேளையின் ஒரு மணி நேரமும் படமெடுத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். குழாய் வாயில் தொற்றிக்கொண்டு குஞ்சுக்குப் புழு ஊட்டும் பறவைக்குத் தலையில் கொண்டை. வாலுக்கு அடியில் சிவப்பு.

"இங்க பாருங்களேன். இது கொண்டைக்குருவி. இதுக்கு அந்தக் கூட்டுல என்ன வேலை?"

கணவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பஸ் மாறி ஏறிடுச்சோ என்னவோ!"

அக்கா சிரிக்கவில்லை. யாருடைய படம், எந்த நேரம், இடதா வலதா என்று குறிக்காமல் ஒரு படத்தையும் அனுப்பிப் பழகாதவர் அவர். மறுநாள் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப்போனார். ஆண் நான்கு முறை வந்தது, பெண் ஆறு முறை. கொண்டைக்குருவி ஒன்பது முறை! முதலில் ஆண் கரிச்சான் அதை விரட்டு விரட்டென்று விரட்டியது. அது போய்க் கம்பியில் உட்காரும், அலகில் புழு அப்படியே இருக்கும், மறுபடி வரும். மூன்றாம் நாள் கரிச்சானுக்கே அலுத்துவிட்டது.

பறவை ஆராய்ச்சி செய்யும் ஒரு கல்லூரிப் பேராசிரியருக்குப் படங்களை அனுப்பினார். அவர் போனில் கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு கூட்டோட படங்கள் கலந்துபோச்சாங்க?"

"இல்லங்க. எக்ஸ்ரே எடுக்கிறவ நான். கலக்க மாட்டேன்."

அக்கா அனுப்பிய நேரக் குறிப்புகளைப் பார்த்த பிறகு அவர் குரல் மாறியது. "அபூர்வம்தான், ஆனா நடக்கும். தன் குஞ்சுங்கள இழந்த பறவைக்கு ஊட்டுற வேகம் உடனே அடங்காது. பக்கத்துல எங்க வாய் திறந்தாலும் போய் ஊட்டிடும். பாசம், தியாகம்னெல்லாம் நான் எழுத முடியாதுங்க. பக்கத்துல அதோட கூடு ஏதாவது கலைஞ்சுதான்னு பாருங்க."

தோட்டத்தில் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த தோட்டக்காரர். அக்கா கேமராவின் சின்னத் திரையில் படத்தைக் காட்டி, "அண்ணா, இந்தப் பறவை எங்கயாவது கூடு கட்டியிருந்துச்சா?" என்றார்.

அவர் வெகுநேரம் பார்த்தார். கையிலிருந்த கத்தரியைத் தரையில் வைத்தார்.

"திங்கக்கிழமை அந்த வேலிச் செடிய வெட்டினேம்மா. மேலதிகாரி வர்றாருன்னு ஆபீஸ்ல அவசரப்படுத்தினாங்க. வெட்டின பிறகுதான் கூட்டப் பாத்தேன். ரெண்டு குஞ்சு. ஒண்ணும் செய்ய முடியல. யார்கிட்டயும் சொல்லல."

"தெரிஞ்சா வெட்டினீங்க?" என்றார் அக்கா. அவர் இல்லையென்று தலையசைத்துவிட்டு மறுபடி படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அன்று மதியம் அவரும் தன் டப்பாவோடு இருட்டறைக்கு வந்தார். இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். கொண்டைக்குருவி வரும்போதெல்லாம் அவர் மெல்லிய குரலில் எண்ணினார்.

அடுத்த வாரம் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பறந்துபோயின. மறுநாளும் கொண்டைக்குருவி பச்சைப் புழுவோடு வந்தது. குழாய்க்குள் தலையை நீட்டிப் பார்த்தது. பிறகு புழுவைத் தானே விழுங்கிவிட்டுப் போயிற்று. அந்தப் படம் அக்காவுக்குக் கலங்கலாகத்தான் வந்தது. அழிக்க மனம் வரவில்லை.

பேராசிரியர் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு ஒரு பறவையியல் இதழில் வெளியானது. அக்காவின் பெயர் அவர் பெயருக்கு முன்னால் இருந்தது. கணவர் அதைப் பிரதி எடுத்து டிப்போவில் ஒட்டிவைத்தார். ஒருவருக்கும் புரியவில்லை, எல்லோரும் பாராட்டினார்கள்.

மழைக்காலம் முடிந்து வேலி மறுபடி அடர்ந்தது. ஒரு காலை தோட்டக்காரர் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றார்.

"மூணு முட்டை இருக்கும்மா. இப்ப வெட்ட முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டாங்க."

"எத்தனை நாள் வேணும்?"

"இருபத்தஞ்சு."

வரிசையில் அடுத்து நின்றவரிடம், "ரெண்டு நிமிஷம் உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா ஆபீஸை நோக்கி நடந்தார்.