தவிட்டுக்குப் போனவள்

நான் அம்மா என்று கூப்பிடுவது என் பெரியம்மாவை. என்னைப் பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடுகிறேன். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சூரமங்கலத்தில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதற்கும் தெரியும், ஜலகண்டாபுரத்தில் சித்தி வீட்டுத் தெருவுக்கும் தெரியும். அம்மாவுக்குப் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அதனால் தங்கையின் முதல் பிரசவத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே, ஒரு படி தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாள். அப்படித் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை நிலைக்கும், யாருடைய தோஷமும் அதை அண்டாது என்று நம்பிக்கை. ஆனால் தவிட்டை வாங்கிக்கொண்டவள் அதற்குப் பிறகு ‘என் பிள்ளை’ என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. பிறப்புச் சான்றிதழில்கூட வளர்த்த அம்மா அப்பா பெயரைத்தான் போட்டார்கள். சின்ன வயதில் யாராவது என்னைச் சீண்ட வேண்டுமென்றால் “உன்னத் தவுட்டுக்குத்தான வாங்குனாங்க” என்பார்கள். எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் சீண்டுவார்கள். என் விஷயத்தில் அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் வராது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

வம்பு அமெரிக்காவிலிருந்து வந்தது.

அம்மாவும் சித்தியும் இலங்கைத் தேயிலை மலையில் பிறந்தவர்கள். தாத்தா சின்னக் குழந்தைகளாக அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து, சேலத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். சித்தி ஜலகண்டாபுரத்தில் வாழ்க்கைப்பட்டாள். சித்தப்பாவுக்குச் சொந்தமாகச் சில விசைத்தறிகள். அவர் வீட்டு ஆட்கள் சித்தியைச் ‘சிலோன்காரி’ என்றுதான் சொல்வார்கள், குழம்பில் உப்பு கூடினால்கூட அதற்குக் காரணம் சிலோன்தான். இந்த நிலையில் யாரோ சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள்: அமெரிக்கா வருடா வருடம் குலுக்கல் போட்டுக் குடியேற விசா கொடுக்கிறது, இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதில் இடமில்லை, இலங்கையில் பிறந்தவர்களுக்கு உண்டு, மனைவிக்கு விழுந்தால் புருஷனும் பிள்ளைகளும் கூடவே போகலாம். தறித் தொழில் படுத்துக் கிடந்த நேரம். சிலோன்காரி ஒரே நாளில் வீட்டுக்கு விளக்காகிவிட்டாள்.

விண்ணப்பத்தை என் போனில் நான்தான் நிரப்பினேன். இரண்டு வீட்டிலும் இங்கிலீஷில் தைரியமாகத் தட்டச்சு செய்கிறவள் நான் ஒருத்திதான். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை பிள்ளைகள் என்ற கட்டம் வந்தது. எனக்கே தெரியும் என்ன போட வேண்டும் என்று. இருந்தாலும் குசும்பு சும்மா இருக்க விடவில்லை.

“எத்தன புள்ளைங்க சித்தி?”

“ரெண்டு கண்ணு” என்றாள், வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

இரண்டு என்று போட்டேன். தங்கை பெயரையும் தம்பி பெயரையும் அடித்தேன். அன்றைக்கு அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான்.

அடுத்த கோடையில் குலுக்கல் முடிவு வந்தது. சித்தி பெயர் விழுந்திருந்தது. சித்தப்பா யாரிடமும் மூச்சு விடக் கூடாது, கண் பட்டுவிடும் என்றார். பெயர் விழுந்தால் விசா கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை என்பதும் மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. வரிசை நம்பர் வர வேண்டும், இன்னொரு பெரிய விண்ணப்பம் அனுப்ப வேண்டும், மருத்துவப் பரிசோதனை, மும்பையில் நேர்காணல். இவ்வளவும் அடுத்த வருடம் செப்டம்பருக்குள் முடியாவிட்டால் எல்லாம் கோவிந்தா. அந்தப் பெரிய விண்ணப்பத்துக்கு முன்னால் விதிமுறைகளைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார் சித்தப்பா. தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் நான் கத்திக் கத்திப் படித்தேன். பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் முதல் விண்ணப்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கூட வசிக்காத பிள்ளையானாலும், கூட வராத பிள்ளையானாலும் சொல்ல வேண்டும். ஒருவரை விட்டிருந்தாலும் யாருக்கும் விசா கிடையாது.

சித்தப்பா எழுந்து போய் ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். அந்த வீட்டில் தறிச் சத்தம் நின்றால் காது அடைத்துக்கொள்ளும்.

“இன்னொருக்கா படி அம்மிணி.”

படித்தேன். அவர் என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். தங்கை பெரியவளானதற்கு நடத்திய சீர் விழாவில் எடுத்தது. அதில் நானும் சித்தியும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு நிற்போம். ஒரே மோவாய், ஒரே தெற்றுப்பல்.

“அது அவிங்கவிங்க புள்ளைங்களுக்குச் சொல்றது. சர்டிபிகேட்டுல உங்கம்மா பேருதான் இருக்குது. நீ ஆரோ, நாங்க ஆரோ” என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோன மனிதர். ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அதற்கடுத்த முறை போனபோது சுவரில் போட்டோ இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. தங்கை தன் போனிலிருந்து நான் இருந்த படங்களை அழித்துவிட்டாள். சந்தேகம் வந்தால் ரத்தம் எடுத்து யார் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்களாம், எங்கேயோ வீடியோவில் பார்த்தாளாம். தெருவில் புது ஆள் யாராவது நின்றால் சித்தப்பா என்னை உள்ளே போகச் சொல்வார். அமெரிக்காக்காரன் ஜலகண்டாபுரம் வரைக்கும் வந்து எட்டிப் பார்ப்பானா என்று நான் கேலி செய்தேன். யாரும் சிரிக்கவில்லை. நான் உயிரோடு நடமாடுவதே அந்தக் குடும்பத்துக்கு ஒரு ஆபத்தாகிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மருத்துவப் பரிசோதனை சென்னையில். ஆஸ்பத்திரியில் பேச ஆள் வேண்டும் என்பதால், மனமில்லாமல்தான் என்றாலும், சித்தப்பா என்னையும் கூட்டிப்போனார். “கேட்டா அக்கா பொண்ணுன்னு சொல்லு” என்று ரயிலில் போகும்போதே பாடம் எடுத்தார். அங்கே அவரையும் தங்கை, தம்பியையும் எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட்டு, சித்தியைத் தனியாக ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள். சித்தி என் கையை விடவில்லை. நானும் உள்ளே போனேன்.

லேடி டாக்டர் வயதானவர், அன்பாகத்தான் பேசினார். சித்தியைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆபரேஷன் பண்ணியிருக்காங்களேம்மா. எத்தனை டெலிவரி?”

“மூணுங்க” என்றாள் சித்தி.

யோசித்துச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டு எழுதுகிறவர் கேட்டால் எந்தப் பெண்ணும் சொல்லுகிற மாதிரி சொன்னாள். வயிற்றைத் தொட்டுக் கேட்கிற டாக்டரிடம் யாருக்குப் பொய் வரும்? டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்.

“இதுல ரெண்டு பசங்கதான் இருக்கு. இன்னொண்ணு?”

சித்தி மல்லாந்து படுத்தபடி மின்விசிறியைப் பார்த்தாள். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றேன். அந்த ஒரு நிமிடத்தில் அவள் என்னைக் காட்டிவிடுவாள் என்று நினைத்தேன். காட்டிவிடக் கூடாது என்று பயந்தேன், காட்டிவிட மாட்டாளா என்றும் இருந்தது.

“தவறிருச்சுங்க” என்றாள்.

“அடடா. எத்தனாவது?”

“மூத்ததுங்க.”

டாக்டர் ஏதோ தட்டினார். என்ன தட்டினார் என்று எங்களுக்குத் தெரியாது. அறிக்கை நேராகக் கம்ப்யூட்டரிலேயே போய்விடுமாம், நம் கைக்கு வராதாம். பிறகு அவர் என்னைப் பார்த்து, “அம்மாவைப் பத்திரமா எறக்கும்மா” என்றார். “சித்திங்க” என்றேன் நான். பாடம் நன்றாகத்தான் மனப்பாடமாகியிருந்தது.

திரும்பி வரும் ரயிலில் சித்தி தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். ஒரு முறை இல்லை, யாரும் பார்க்காதபோதெல்லாம். சித்தப்பா சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டியபோது நான், “செத்தவளுக்கும் சேத்து வாங்குனீங்களா சித்தப்பா?” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சித்திக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படிச் சொன்னது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. காட்பாடி தாண்டும் வரை இருந்தது.

அம்மாவிடம் சித்தியே சொல்லிவிட்டாள், மறைக்க அவளால் முடியவில்லை. அம்மா திட்டவில்லை. என்னை உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கருகியது, நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் பீடை பலமாக இருக்கிறது என்று அர்த்தம். பெற்றவள் வாயால் வந்த சொல் சும்மா போகாது என்பது அம்மாவின் பயம். அன்றிலிருந்து என் ஸ்கூட்டிச் சாவி அவள் இடுப்பில். கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போனேன். பஸ் படியில் நிற்காதே, கிணற்றுப் பக்கம் போகாதே, ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே. உயிரோடு இருக்கிறவரைச் செத்ததாகச் சொல்லிவிட்டால் ஆயுசு கெட்டியாகும் என்றுதானே சொல்வார்கள் என்று நான் வாதாடினேன். “அது மத்தவிங்க சொன்னா” என்றாள் அம்மா. எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் ஐந்து ரோடு பக்கம் ஒரு லாரி எங்கள் பஸ்ஸை உரசிக்கொண்டு போனபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது வேறு யாருக்கும் அடித்துக்கொண்ட மாதிரி இல்லை. காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல்தானா என்று இணையத்தில் தேடினேன்.

நேர்காணல் தேதி வந்ததும் சித்தப்பா சூரமங்கலத்துக்கு வந்தார். அவருக்கும் அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“டாக்டர் எழுதியிருந்தா, மும்பைல அதுக்கு அத்தாட்சி கேப்பாங்க. ஆத்தூர்ல ஒருத்தர் இருக்காருங்க. பழைய தேதி போட்டு ஒரு சர்டிபிகேட்டு வாங்கிரலாங்க.”

“என்ன சர்டிபிகேட்டு?” என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார்.

“எம் பொண்ணுக்குச் சாவுச் சர்டிபிகேட்டு வாங்கறதுக்கு எங்கிட்டயே வந்து கேக்குறீங்களா? எந்திரிச்சுப் போங்க. எங்க ஊட்டுப் பக்கமே வராதீங்க.”

அம்மா அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. சித்தப்பா செருப்பைச் சரியாக மாட்டாமலே இறங்கிப் போனார்.

சான்றிதழ் இல்லாமலே மும்பை போனார்கள். அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. என் பெயர் வெளியே வந்தால் அவர்களுக்கு விசா இல்லை, வராவிட்டால் நான் இல்லை. எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தங்கை போன் செய்தாள். விசா கிடைத்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். சித்தி இரண்டு என்றிருக்கிறாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்த பெண் அதைத் தமிழில் சொன்னாளாம்: “உங்க மூத்த குழந்தைக்காக ரொம்ப வருத்தப்படறாருங்க.” சித்தி அங்கேயே உடைந்து அழுதிருக்கிறாள். அடக்கவே முடியவில்லையாம். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

“அம்மா செமயா அழுதாக்கா, அதான் தப்பிச்சோம்” என்றாள் தங்கை. அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்காக யாரோ ஒரு வெள்ளைக்காரர் துக்கம் விசாரித்துவிட்டார். நான் போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

கிளம்புகிற அன்று ஜங்ஷனுக்குப் போகும் வழியில் சித்தி மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தப்பாவும் பிள்ளைகளும் தெருமுனையில் ஆட்டோவிலேயே இருந்தார்கள். அம்மா கூடத்தின் நடுவில் ஒரு படி நிறையத் தவிடு வைத்திருந்தாள். மேலே வெற்றிலை பாக்கு.

“இன்னொருக்கா வாங்கிக்க. ‘இது எம் புள்ளையில்ல’ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. நீ சொன்ன சொல்லு இவளத் தொடாமப் போயிரும்” என்றாள் அம்மா.

சித்தி படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“ஒருக்கா வித்தது போதுங்கக்கா.”

“அப்ப அந்தச் சொல்லு இவ மேலயே நிக்கட்டுங்கறியா?”

“எம் மேல நிக்கட்டும். எம் புள்ளையத்தான நான் சொன்னேன்.”

எம் புள்ளை. பிறந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து நான் கேட்காத சொல். கேட்டதும் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. என்னை இத்தனை வருடம் காத்த ஏதோ ஒன்றை யாரோ பிடுங்கிப்போட்ட மாதிரி அம்மா நின்றாள். சித்தி என் மோவாயைத் தொட்டாள், “வாரேன் சாமி” என்றாள், போய்விட்டாள். அம்மா ஜங்ஷனுக்கு வரவில்லை. தவிட்டையும் கொட்டவில்லை. படியோடு ஒரு துணியைப் போட்டு மூடிப் பரண் மேல் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சித்தி அங்கே ஒரு கடையில் பொட்டலம் போடும் வேலை பார்க்கிறாள். தினமும் எனக்குக் காலையில் போன் வரும். வேலை எப்படி, பனி எப்படி என்று நான் கேட்டால் அதற்கெல்லாம் சரியாகப் பதில் வராது. என் குரலைக் கேட்டதும் அவள் போன் செய்த காரியம் முடிந்துவிடும். போன மாதம் ஒரு நாள் பரீட்சை ஹாலில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. வெளியே வந்து பார்த்தால் திரை முழுக்கச் சித்தி, சித்தி, சித்தி. திருப்பிக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். யார் பேசப் போகிறார்கள், என்ன சொல்லப் போகிறார்கள் என்று பயந்துகொண்டு மூச்சு மட்டும் வந்தது.

“இருக்கேன் சித்தி” என்றேன்.

அவளுக்கு அழுகை வந்தது. இப்போதெல்லாம் போனை எடுத்ததும் ஹலோ சொல்வதில்லை, அதைத்தான் முதலில் சொல்கிறேன்.