ஜெயகரனின் மறுப்பு மனு

டைம் ஆபீஸ் ஜெயகரனைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், அவன் எஃப்.ஏ. ஃபெயில் என்றுதான் முதலில் சொல்வேன். பி.ஏ.வுக்கு முந்தின காலேஜ் பரீட்சை அது. இதில் இளக்காரம் ஒன்றுமில்லை. தங்கச் சுரங்கத்து ஊரான எங்கள் கோரமண்டலில் அந்தக் காலத்தில் எஃப்.ஏ. வரை போய் ஃபெயிலாவதற்கே ஒரு தகுதி வேண்டும். நான் அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்காதவன். சுரங்கத்து ஸ்டோரில் மெழுகுவர்த்தியும் ஆணியும் எடுத்துக் கொடுக்கிற குமாஸ்தா. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் ஊர் வாசகசாலைக்கும் நானே காரியதரிசி. வாசகசாலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, சில பெஞ்சுகள், மதராஸில் எல்லாரும் படித்து முடித்தபின் வந்து சேரும் பத்திரிகைகள்.

எந்த ஷிஃப்டுக்கு யார் இறங்கினான், யார் ஏறினான் என்று பேர் பதிவது ஜெயகரனின் உத்தியோகம். ஆனால் அவன் பேரெடுத்தது மனு எழுதுவதில். லீவு வேண்டுமா, குடியிருக்க வரிசையில் ஒரு வீடு வேண்டுமா, அண்டர்கிரவுண்டை விட்டு மேலே ஒரு வேலை வேண்டுமா, எல்லாரும் அவனைத் தேடித்தான் வருவார்கள். அவன் மனுவுக்கென்று ஒரு கட்டு உண்டு. முதலில் சுரங்கத்தை மேய்க்கிற வெள்ளைக்கார கேப்டன் துரையை வானத்துக்கு ஏற்ற வேண்டும். நடுவில் சொந்தத்தில் யாராவது ஒருவர் சாக வேண்டும். கடைசியில் 'ஆகையால் தாங்கள் கிருபை கூர்ந்து' என்று ஆரம்பித்து, வேண்டியதைக் கேட்க வேண்டும். பாறையில் துளை போடுகிற டிரில் வேலை பார்த்த காத்தவராயனின் தாயார் இந்தக் கணக்கில் ஒரே வருஷத்தில் மூன்று தடவை காலமானாள். மூன்றாவது தடவை அவளே மகனுக்குக் களி எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு வந்துவிட்டதால் விஷயம் கெட்டது.

இப்படி ஊருக்கெல்லாம் கேட்டுக் கொடுத்தவனுக்குத் தனக்கென்று ஒன்றைக் கேட்க வாய் வரவில்லை. மிஷன் பெண் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா ஃப்ளோரா மேல் அவன் உயிரையே வைத்திருந்தான். எனக்குத் தெரியும், அடுத்த சுரங்கமான பாலகாட் வரைக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுடைய அப்பா ஏனோக் உபதேசியாரோ, பி.ஏ. பாஸ் பண்ணினவனுக்குத்தான் பெண் என்று ஜெபக்கூட்டத்திலேயே சொல்லி வைத்திருந்தார். கர்த்தரும் காதில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. சீக்கிரமே ஒரு பி.ஏ.வை அனுப்பி வைத்தார்.

வந்தவர் பேர் மாணிக்கராஜ். ஆண் பள்ளிக்கூடத்துக்குப் புது ஹெட்மாஸ்டர். நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டவாவது சௌகரியமாக இருந்திருக்கும். வந்த சில வாரங்களிலேயே வாசகசாலையில் 'கல்லூரிகள் கற்பிக்க வேண்டியவை யாவை?' என்று ஒரு கட்டுரை வாசித்தார். இலத்தீன், தர்க்கம், க்ஷேத்திரகணிதம், வானசாஸ்திரம் ஆகியவையே மனத்தைப் பண்படுத்தும். பிழைப்புக்கான எதையும் கல்லூரி தொடவே கூடாது என்பது சாரம். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் பேசுவதுதான் பெரிய படிப்பு என்பது அவர் கொள்கை.

"இதுக்கு எதிர்க்கட்டுரை எழுத இந்த ஊர்ல ஆளு கிடையாது" என்றார் அவர், மாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வையோடு.

"நான் எழுதறேங்க" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜெயகரன்தான். சொல்லிவிட்டு, சொன்னது யார் என்று அவனும் எங்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசிப்பது என்றும் உபதேசியாரே தலைமை என்றும் முடிவாயிற்று. வெளியே வந்ததும் ஜெயகரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "தசரதா, நானும் படிச்சவன்தான்னு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா போதும். அப்புறம் பொண்ணு கேட்க எனக்கு தைரியம் வந்துடும்" என்றான். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் ஸ்டோரிலிருந்து நல்ல காகிதம் கொண்டுவந்து கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், முதல் பக்கம் இப்படி இருந்தது: 'கல்விக் கடலும் கருணை மலையும் ஏழைகளின் தாயும் தகப்பனுமாகிய மகா கனம் பொருந்திய மாணிக்கராஜ் பி.ஏ. அவர்கள் திவ்விய சமூகத்துக்கு, ஏழை ஜெயகரன் அநேக கோடி நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்ளும் மறுப்பு.'

"இன்னாடா இது? அந்த ஆள மறுக்கணும்டா. கால்ல உழக்கூடாது" என்றேன்.

"கால்ல உழுந்தாத்தானே அடுத்த வரி வருது" என்றான் பரிதாபமாக. "நேரா 'நீர் சொன்னது தப்பு'ன்னு எழுதிப் பாத்தேன். பேனா நகரவே மாட்டேங்குது."

அடிக்க அடிக்க மறுபடி முளைத்தது அந்தப் புகழ்ச்சி. சரி, தொலையட்டும் என்று விட்டேன். நடுப்பகுதியில் வேறு தொல்லை. யாரையாவது சாகடிக்காமல் அவனால் மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. தன் சித்தப்பாவைக் கொல்லப் பார்த்தான், நான் தடுத்தேன். கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்து, 'மேற்படி இலத்தீன் பாஷையானது அநேக வருஷங்களுக்கு முன்பே காலமாகிவிட்டபடியால்' என்று எழுதிக்கொண்டான். அதற்குமேல் பேனா நிற்கவேயில்லை.

ஓடின பேனா நல்லதையும் எழுதிற்று, பொய் சொல்லக்கூடாது. கல்லூரி தனக்கு ஆயிரம் பதில்கள் சொல்லிக் கொடுத்ததாம். வெளியே வந்தபிறகு அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட ஒருவரும் கேட்கவில்லையாம். செத்துப்போன இங்கிலீஷ் ராஜாக்களை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த தனக்கு, உயிரோடிருக்கும் ஒரே ஒரு கேப்டன் துரையிடம் நிமிர்ந்து நின்று பேசத் தெரியவில்லையாம். ஆகவே மனுஷன் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது எப்படி என்பதைத்தான் கல்லூரியில் முதல் பாடமாக வைக்க வேண்டுமாம். படித்து முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். நண்பன் என்பதால் இல்லை, விஷயம் நியாயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை கொள்ளவில்லை. மாணிக்கராஜ் வாசித்த அன்று எட்டிப் பார்க்காதவர்களெல்லாம், நமக்கு மனு எழுதுகிறவன் இன்று தனக்கே ஒரு மனு போடுகிறானாம் என்று கேள்விப்பட்டு, ஷிஃப்ட் முடிந்த கையோடு மண்ணும் வேர்வையுமாக வந்துவிட்டார்கள். பெண்கள் பெஞ்சில் ஃப்ளோரா உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த ஜெயகரன் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தான். நான் திருப்பிக் கொடுத்தேன்.

புகழ்ச்சி வாசிக்கப்பட்டபோது மாணிக்கராஜ் கூச்சத்தில் நெளிந்தார். இலத்தீன் காலமான இடத்தில் பின்னாலிருந்து சிலர் 'ஐயோ பாவம்' என்றார்கள். யாரோ சொந்தக்காரப் பெண்பிள்ளை என்று நினைத்திருப்பார்கள். கேப்டன் துரை வந்த இடத்தில் கொட்டகையே 'ஆமாங்க' என்றது. ஒவ்வொரு பத்திக்கும் அப்படி ஒரு ஆமாங்க. மாணிக்கராஜ் எழுந்து பதில் சொல்லப் பார்த்தார்.

"இவர் என்னை மறுக்கிறாரா, என்னிடம் உதவி கேட்கிறாரா? எதற்கென்று நான் பதில் சொல்வது?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

காத்தவராயன் எழுந்து, "மனுவுக்கு யாரும் பதில் பேச மாட்டாங்க சாமி. மஞ்சூர் பண்ணுவாங்க, இல்லாங்காட்டி தள்ளுவாங்க. பையன் இன்னும் முடிக்கல, குந்துங்க" என்றான். பி.ஏ. உட்கார்ந்துவிட்டார்.

ஜெயகரன் கடைசிப் பக்கத்துக்கு வந்தான். "ஆகையால் தாங்கள் கிருபை கூர்ந்து" என்று வாசித்தான். அத்தோடு நின்றான். எட்டிப் பார்த்தேன், அதற்குக் கீழே காகிதத்தில் ஒன்றுமில்லை. பழக்கத்தில் கை அந்த வரியை எழுதிவிட்டிருக்கிறது. கட்டுரையில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கொட்டகை முழுக்கக் காத்திருந்தது. உபதேசியாருக்கோ, மனு என்று வந்துவிட்டால் கேட்டு முடிக்காமல் இருக்க முடியாது.

"ஆகையால்? இன்னா வேணும், சொல்லு" என்றார்.

"ஃப்ளோரா வாத்தியாரம்மாவ எனக்குக் கட்டிக் குடுக்கணுங்க" என்றான் ஜெயகரன்.

பிறகு காத்தவராயன் நிதானமாக, "மஞ்சூர் பண்ணுங்க ஐயா, ஏழப் பையன்" என்றான். உடனே கொட்டகை முழுக்க 'ஆமாங்க' என்றது. உபதேசியாரின் முகம் சிவந்து வீங்கியது. மேஜையைக் குத்தி, சபையில் பெண் கேட்கிற பழக்கத்தை எந்தக் கல்லூரியில் கற்பிக்கிறார்கள் என்று கத்தினார். எனக்கு ஜெயகரனைப் பார்க்கவே முடியவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடுவான் போல நின்றான். அந்த ஊரில் பூமிக்கு வேண்டிய மட்டும் பிளவு இருந்தும் அவன் காலடியில் ஒன்றுமில்லை.

அப்போது ஃப்ளோரா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, நீங்க கோவிச்சுக்க வேணாம். இந்த மனு தப்பான ஆபீசுக்கு வந்துக்கீது" என்றாள். பைபிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதிகம் சிரித்தவர் மாணிக்கராஜ். அவர் போகும்போது ஜெயகரனின் கையைக் குலுக்கி, தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன் என்று முதலிலேயே சொன்னேனே.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற வேளைக்கு ஜெயகரன் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போய் நின்றான். சட்டைப் பையில் மடித்த காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் போனபின் ஃப்ளோரா வாசலுக்கு வந்தாள். முதலில் அந்தக் காகிதத்தைத்தான் பார்த்தாள்.

"அத உங்க சிநேகிதர்கிட்ட குடுத்துடுங்க" என்றாள்.

கொடுத்தான். கொடுத்தபின் அவன் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் காத்திருந்தாள். நான் வேலியிலிருந்த ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பி.ஏ. எனக்கு வராதுங்க" என்றான் கடைசியில்.

"பி.ஏ. கேட்டது எங்கப்பா. நான் கேக்கல."

அவன் வேர்த்து வழிந்தான். பிறகு, புகழ்ச்சியும் இல்லாமல் சாவும் இல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"என் வூடு அந்தாண்ட கீது. டைம் ஆபீசும் அந்தாண்டதான். நான் வேலைக்குப் போறதுக்கு இது வழியே இல்லீங்க. ஆனா தினமும் இப்படித்தான் போறேன்."

"தெரியும்" என்றாள் ஃப்ளோரா. "அந்த நேரத்துக்குத்தான் நான் தினமும் ஜன்னலாண்ட நின்னுக்கினு பாடம் நடத்தறேன்."