கேட்காத பதினோரு இடங்கள்

லென்ஸ் தேய்ப்பவர் கோபத்தையும் கண்ணாடி தேய்ப்பது போலத்தான் தேய்ப்பார். அவசரமே கிடையாது, குறித்த அளவு வரும்வரை விடமாட்டார். இந்தமுறை ஏழு வாரம் தேய்த்தார்.

காரணம் ஒரு புத்தகம். இசைத்தட்டு ரசிகர் மன்றத்தின் செயலாளர் தம் பெயரில் வெளியிட்டது. நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பழைய வயலின் தட்டைப் பற்றி, "ஏழாம் நிமிடத்தில் வெந்நீரின் இதத்தோடு வில் இறங்குகிறது" என்று இருந்தது. லென்ஸ்காரர் புத்தகத்தை மூடினார். அந்த வெந்நீர் எதுவென்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

செத்தவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவர். லென்ஸ்காரரைவிட இரண்டு வயது சின்னவர், ஆனால் சங்கீதத்தில் அவருக்குக் குரு. பகலெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கி, சாயங்காலம் கால் இரண்டும் வீங்கி வீடு திரும்புவார். செருப்பைக் கழற்றுமுன் தட்டைச் சுழலவிடுவார். லென்ஸ்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார். இருபத்திரண்டு வருஷம் இப்படி.

முதல் நாள் "ஆஹா" என்று தலையாட்டியதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்கு மறக்கவில்லை.

"யோவ் கண்ணாடி, எதுக்கு இந்த ஆஹா?"

"நல்லா இருந்துச்சுப்பா."

"அதை ஊரே சொல்லும். வில்லை எங்க திருப்பினாரு, அதைச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. கேக்காததைக் கேட்டேன்னு மட்டும் சொல்லாத."

மீட்டர்காரர் தம் நோட்டிலும் அந்த விதியை மீறவில்லை. கேட்டதை நிமிடவாரியாக எழுதுவார். எப்போதாவது பாட்டுக்குப் பாதியில் அவர் மனைவி, "தண்ணி காஞ்சிடுச்சு, வந்து இறக்குங்க" என்று அடுப்படியிலிருந்து கூப்பிடுவார். கால் ஊறவைக்கும் வெந்நீர். போய்வந்து, விட்டுப்போன இடத்தில் "வெந்நீர்" என்று எழுதுவார். அதாவது, இங்கே நான் கேட்கவில்லை. திரும்பப் போட்டுக் கேட்கலாமே என்றால், "இன்னைக்குக் கேட்டது இவ்வளவுதான். நாளைக்குக் கேட்டா அது வேற" என்பார். இதில் எவ்வளவு தத்துவம், எவ்வளவு சோம்பல் என்று லென்ஸ்காரருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த செயலாளர், "மன்றத்துல பத்திரமா வைக்கணும், நகல் எடுத்துட்டுத் தரேன்" என்று ஒன்பது நோட்டுகளை வாங்கிப்போனார். சொன்னபடி திருப்பியும் தந்தார். பிறகு புத்தகம் வந்தது. அதில் மீட்டர்காரரின் பெயர் நன்றி சொன்ன பட்டியலில்கூட இல்லை.

"விட்டுடலாம் அண்ணே," என்றார் மீட்டர்காரரின் மனைவி. "அவரு இருக்கும்போதே பேருக்கு ஆசைப்படல."

"அவருக்கு வேண்டாம்மா. எனக்கு வேணும்."

நோட்டுகளில் வெந்நீர் பதினோரு இடத்தில் வந்தது. புத்தகத்திலும் பதினொன்று. செயலாளர் ஒன்றையும் விட்டுவைக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அழகான வாக்கியம் செய்திருந்தார்.

மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புத்தகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொன்னார்கள். நாற்பது பேர் இருந்தார்கள். இரண்டாம் வரிசையில் மீட்டர்காரரின் மனைவிக்குப் பக்கத்திலிருந்து லென்ஸ்காரர் எழுந்தார்.

"ஐயா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அங்கங்க வெந்நீர்னு வருதே, அதைக் கொஞ்சம் விளக்கணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். செயலாளர் முகம் மலர்ந்தது.

"பழகின காதுக்குத்தான் அது பிடிபடும். ஸ்வரம் சுடவும் கூடாது, ஆறிப்போகவும் கூடாது. பல வருஷம் தவிச்சு நான் கண்டுபிடிச்ச வார்த்தை அது."

"பின்னால ஒரு பாடகியோட தட்டுக்கும் எழுதியிருக்கீங்களே, அதுவும் இதே வெந்நீர்தானா?"

"இல்ல இல்ல. அது கொதிநிலை. வயலின்ல வர்றது இளஞ்சூடு."

பத்து நிமிடம் பேசவிட்டார். முன்வரிசையில் ஒருவர் குறிப்புக்கூட எடுத்தார். இரக்கம் வருகிறதா என்று லென்ஸ்காரர் தமக்குள் தேடிப் பார்த்தார். வரவில்லை. நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லும்மா" என்றார்.

மீட்டர்காரரின் மனைவி எழுந்து நின்றார். "இது எங்க வீட்டுக்காரர் எழுத்துங்க. அவருக்குக் கால் வீக்கம். தண்ணி காஞ்சதும் நான் கூப்பிடுவேன், எழுந்து வந்துடுவாரு. அந்த நேரம் பாட்டுக் கேக்கலைன்னு எழுதி வெச்சதுதான் அது."

குறிப்பு எடுத்தவர் பேனாவை மூடினார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்ப கொதிநிலை எந்தக் காலுக்கு?" என்று கேட்டது. அதற்குப் பிறகு செயலாளர் பேசியது எதுவும் சிரிப்பில் கேட்கவில்லை.

மறுநாள் செயலாளர் லென்ஸ்காரரின் கடைக்கே வந்தார்.

"தனியா சொல்லியிருக்கலாமே. அத்தனை பேர் முன்னால..."

"நீங்க புத்தகத்தைத் தனியாவா போட்டீங்க?"

"சரிங்க. அடுத்த பதிப்புல அவர் பேரைப் போட்டுடறேன். அந்தப் பதினோரு வரியையும் எடுத்துடறேன்."

"பேரைப் போடுங்க. வரி இருக்கட்டும்."

"அதை அவர் எழுதலையே."

"அதான். ஒவ்வொண்ணுக்கும் கீழ, இந்த வரி மட்டும் செயலாளருடையதுன்னு போட்டு உங்க பேரைப் போடுங்க. இல்லன்னா ஒன்பது நோட்டையும் அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வாசிக்கிறேன்."

நான்கு மாதம் கழித்து, அச்சாகுமுன் திருத்தப் பிரதி பார்வைக்கு வந்தது. அட்டையில் மீட்டர்காரரின் பெயர் இருந்தது, உள்ளே பதினோரு அடிக்குறிப்புகள் இருந்தன. லென்ஸ்காரர் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எட்டாவதில் செயலாளரின் பெயர் மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில் இருந்தது. பெரிதாக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.