முதலில் தேத்தண்ணி, பிறகு மைக்

1. ரிஜெக்ட்

அபி, கவின், "அப்பா கம்ப்யூட்டர் கம்பெனியில் என்னதான் செய்கிறார்?" என்று நீங்கள் இருவரும் அடிக்கடி கேட்கிறீர்கள். எங்கள் பிளாட்ஸ் பிள்ளைகளும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் பல வருடம் நின்றவன். அதே தெருவில் கடற்கரைப் பக்கமாக ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இந்த வேலை கிடைத்தபோது, கடைப் பொடியன்கள் எனக்கு "ரோபோ அண்ணன்" என்று பெயர் வைத்துத்தான் அனுப்பினார்கள்.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் மேலதிகாரி ஷாமினி மிஸ் என்னைக் கூப்பிட்டார். எங்களுக்கு வேலை கொடுக்கும் கிளையன்டிடமிருந்து ஈமெயில் வந்திருந்தது.

"அண்ணா, நாங்கள் அனுப்பின சாம்பிள் முழுக்க ரிஜெக்ட். ஆக்கள் கதைக்கேல்லையாம். பேப்பரைப் பார்த்து வாசிக்கினமாம்."

"ஒருத்தரும் வாசிக்கேல்லையே மிஸ். நான் பேப்பரே குடுக்கேல்ல."

"எனக்குத் தெரியும். கேட்டால் வாசிக்கிற மாதிரித்தான் இருக்கு."

இன்னொரு சாம்பிள் அனுப்பலாம், அதுவும் சரியில்லையென்றால் தமிழ் வேலையை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். தமிழ்ப் பிரிவில் நாங்கள் நான்கு பேர். நால்வரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கடைப் பொடியன்களின் முகம். அடுத்தது உங்கள் இருவரின் முகம். அபி, அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று நீ அதற்குள் வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாய்.

2. பூச்சாடி

வேலை இதுதான். நாம் கதைப்பது கம்ப்யூட்டருக்கு விளங்கவேண்டுமென்றால், அது முதலில் நிறைய மனிதர் கதைப்பதைக் கேட்கவேண்டும். அதனால் முன்பின் தெரியாத இரண்டு பேரைச் சுவரெல்லாம் ஸ்பொஞ்ச் ஒட்டிய சின்ன அறையில் இருத்தி, ஒரு தலைப்பைக் கொடுத்துக் கதைக்கச் சொல்வோம். அவர்களிடம் முதலே சம்மதம் கேட்டுத்தான் ரெக்கோர்ட் பண்ணுவோம். பெயர், ஊர், வீடு, படித்த பள்ளிக்கூடம் எதையும் ரெக்கோர்டிங்கில் சொல்லக்கூடாது. ஆளை அடையாளம் காட்டும் எதுவும் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். பிறகு நாங்கள் நால்வரும் அதைக் கேட்டு எழுத்தாக்குவோம். அதற்கு டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர்.

ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் குரல் மட்டும் கொடுக்க வருகிறவர்கள் கல்யாணத்துக்கு வருவது போல உடுத்திக்கொண்டு வந்தார்கள். வெளியே படியேறும்போது "என்ன வெயில் அப்பா" என்று சாதாரணமாகப் புறுபுறுக்கிறவர், மைக்கைக் கண்டதும் முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த நண்பரே, இன்று நாம் போக்குவரத்தைப் பற்றி உரையாடுவோம்" என்று தொடங்கிவிடுவார். எதிரே இருப்பவர் "ஆம், நல்ல தலைப்பு" என்பார். பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா மாதிரியே இருக்கும். நம் ஆட்களுக்கு மைக் என்றால் மேடை. அதைக் கிளையன்டுக்கு எப்படி விளக்குவது?

நான் சும்மா இருக்கவில்லை. மைக்கை ஒரு பூச்சாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அடுத்து வந்தவர் பூச்சாடியைப் பார்த்து வணக்கம் சொன்னார். இன்னொருவரிடம், "ஐயா, வீட்டில கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ" என்றேன்.

"வீட்டில நான் கதைக்கிறேல்ல, தம்பி," என்றார் அவர்.

ஷாமினி மிஸ் அன்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் சாம்பிள் அனுப்பவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

3. முன்பல்

ஒரு நாள் காலை புவனேஸ்வரி ரீச்சரும் முத்தையா அண்ணனும் சோடியாக வந்தார்கள். ரீச்சர் பென்ஷன் எடுத்தவர், வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறார். முத்தையா அண்ணன் நம் கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறவர். தலைப்பு சமையல்.

"சமையல் என்பது ஒரு சிறந்த கலை," என்று ரீச்சர் தொடங்கினார்.

"உண்மை அம்மா," என்றார் முத்தையா அண்ணன். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. வேர்வைதான் வந்தது. சத்தம் விழக்கூடாது என்று ஏ.சி.யை நிறுத்தியிருந்தோம்.

அந்த நேரம் பார்த்துக் கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போனது. ஸ்பொஞ்சையும் மீறி அறை அதிர்ந்தது. ரெக்கோர்டிங்கை நிறுத்திவிட்டு, பாவம் என்று கதவைத் திறந்து வைத்து, கீழே கடைக்குப் போய் "அய்யே, ப்ளேன்டீ தெகக்" என்று சிங்களத்தில் சொல்லி இரண்டு தேத்தண்ணி வாங்கி வந்தேன். படியேறும்போதே மேலே குரல்கள் கேட்டன.

"நீங்கள் எவடம்?" என்று ரீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹட்டன் பக்கங்க. கொழும்புக்கு வந்து ரொம்ப காலமாச்சு."

"ஹட்டனோ? நான் முதல் முதல் படிப்பிக்கப் போனது அங்கதானே." பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரி அந்த ஸ்கூல்லதாங்க படிச்சா, டீச்சர். அந்தப் படியில விழுந்து பல்ல ஒடச்சிக்கிட்டவ."

"முன்பல்லோ?"

"ஆமாங்க."

"ஐயோ, அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினது நான்தானே. சேலை முழுக்க ரத்தம். சுகமா இருக்கிறாளோ?"

"சுகமா இருக்காங்க. என்னயத்தான் இருக்க விடமாட்டேங்குறா."

ரீச்சர் மேசையில் தட்டிச் சிரித்தார். நான் தட்டோடு வாசலில் நின்றேன். பக்கத்தில் ஷாமினி மிஸ் நின்றார்.

"இதைத்தான் அண்ணா அவையள் கேட்கினம்," என்று மெதுவாகச் சொன்னார். "ஆனா இதை ரெக்கோர்ட் பண்ணினாலும் அனுப்பேலாது. ஊர், பள்ளிக்கூடம், மனிசியின்ர பல்லு, எல்லாம் இருக்கு."

அவர் சொன்னது சரி. நம் ஆட்களை உயிரோடு கதைக்க வைப்பது எதுவோ, அதைத்தான் சட்டம் வேண்டாம் என்கிறது. எந்த ஊர், யாருடைய பிள்ளை, இன்னாரைத் தெரியுமா என்று கேட்டு முடிக்காமல் நாம் ஒருவரோடு ஒருவர் கதைப்பதேயில்லை. பஸ்ஸிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரி வரிசையிலும் அப்படித்தான். சேலைக் கடையிலும் முதல் கேள்வி சேலையைப் பற்றி இருக்காது. இது எனக்குத் தெரிந்த விஷயம். மைக்குக்கு முன்னால் மறந்துபோயிருந்தேன்.

"மிஸ், அவங்க தேத்தண்ணியைக் குடிச்சு முடிக்கட்டும். ஊரெல்லாம் கதைச்சு முடிக்கட்டும். அதுக்குப் பிறகு மைக்கைப் போடுவம்," என்றேன்.

மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த சோடி கீழே காத்திருந்தது. "சரி, அவையளுக்கும் தேத்தண்ணி வாங்குங்கோ," என்றார்.

பல்லும் படியும் ஹட்டன் குளிரும் அவசரமில்லாமல் கதைத்துத் தீர்ந்தன. கோப்பைகளை எடுத்துக்கொண்டு, சட்டத்தை இன்னொரு முறை நினைவுபடுத்தி, கதவைச் சாத்தினேன்.

ரெக்கோர்டிங் இப்படித் தொடங்கியது.

"உங்கட கடையில இடிச்ச சம்பலுக்கு என்ன போடுறனீங்கள்? கறிவேப்பிலை போடுறேல்லையோ?"

"டீச்சர், அதச் சொன்னா மொதலாளி என்னய அனுப்பிருவாரு."

"நீங்கள் சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். மாசிக் கருவாடு போடுறீங்கள்."

"மாசி இல்லாம அது என்னாங்க சம்பலு?"

நேரம் முடிந்த பிறகும் இருவரும் நிறுத்தவில்லை. நான் கதவைத் தட்டவேண்டியிருந்தது. ரீச்சர் திரும்பிப் பார்த்து, "பொறும் தம்பி, ரசத்துக்கு வந்திட்டம்," என்றார்.

அன்றிலிருந்து எல்லாச் சோடிக்கும் முதலில் தேத்தண்ணி, பிறகு மைக். ஒரு நாளில் எடுக்கமுடிந்த சோடிகள் குறைந்தன. மற்றப் பிரிவுகளில், தமிழ் ஆட்கள் வேலை செய்கிறார்களா டீ பார்ட்டி வைக்கிறார்களா என்று கேட்டார்கள். சாம்பிளை அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

பதில் வந்தபோது ஷாமினி மிஸ் எழுந்து நின்று வாசித்தார். எடுத்துக்கொண்டார்களாம். இந்த முறை எந்த மைக் வாங்கினீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். மிஸ் உண்மையையே எழுதி அனுப்பினார். நாங்கள் நால்வரும் கீழே போய்த் தேத்தண்ணியும் வடையும் சாப்பிட்டோம். வரும் வழியில் நான் சேலைக் கடை வாசலில் ஒரு நிமிடம் நின்று, பொடியன்களுக்குக் கை காட்டிவிட்டு வந்தேன்.

பிள்ளைகளே, நீங்களும் ஒரு நாள் ஏதாவது வேலைக்குப் போவீர்கள். உங்கள் கையில் இன்னும் பெரிய மெஷின்கள் இருக்கும். எதிரில் ஒரு மனிதர் வந்து இருந்தால், உங்களுக்கு வேண்டியதை உடனே கேட்காதீர்கள். அவர் யார் என்று முதலில் கேளுங்கள். பதில் நீளமாக இருந்தாலும் இருந்து கேளுங்கள். மற்றது தானாக வரும்.

போன மாதம் முத்தையா அண்ணன் தன் மனைவியை அழைத்து வந்தார். குரல் கொடுக்க இல்லை, ரீச்சரைப் பார்க்க. ரீச்சர் தன் பழைய மாணவியைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை, "வாயைத் திற, பாப்பம்."

மூவரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சம்பல் கதை இப்போது ஏதோ ஒரு நாட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பல் கதை இங்கே மட்டும்தான் இருக்கிறது.