வாளியில் நான் கலந்தது

குன்னம் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் கத்தரிதான் பிழைப்பு. போன வருஷம் பச்சையாக நின்ற செடிகளே திடீரென்று வாடிச் செத்தன. இந்த வருஷம் நடவுக்கு முன்னால் வேளாண்மை ஆபீஸ் மேடம் ஒரு பொடி கொடுத்தார்.

“இதுல நல்ல பாக்டீரியா இருக்குங்க. கரைச்சு, நாத்து வேரை நனைச்சு நடுங்க. வாடாது.”

கிருமியில் நல்லது ஏது? பயத்தில், கிருமியைக் கொல்லத் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரையும் ஒரு பிடி வாளியில் கலந்துவிட்டேன்.

பூவெடுக்கும் நேரத்தில் செடிகள் மறுபடி வாடின. பார்க்க வந்த மேடத்திடம், “உங்க பொடி டூப்புங்க” என்று கத்தினேன்.

என் மனைவி செல்வி குறுக்கிட்டாள். “இவரு வாளியில பிளீச்சிங் நாத்தம் அடிச்சுதுங்க மேடம். அதான் மிச்சப் பொடியைத் தனியா கரைச்சு, அதோ அந்த ரெண்டு வரிசையை நட்டேன்.”

அந்த இரண்டு வரிசையும் வாடாமல் பூவும் பிஞ்சுமாக நின்றன.

“காவலுக்கு ஆள் அனுப்புனா, கொன்னுட்டீங்களேண்ணே!” என்று மேடம் சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. நான் பொடியைச் சந்தேகப்பட்டேன். செல்வி என்னைச் சந்தேகப்பட்டாள். அதனால்தான் இந்த வருஷம் கொஞ்சமாவது காய் பறித்தோம்.